வைரத்துக்குக் கேட்ட தறி

கல்லூரிக் குடியிருப்பு, செங்காட்டுப்புதூர்
ஆகஸ்ட் 19

அண்ணாவுக்கு,

நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஆய்வகத்து வைரம் மே மாதத்தில் இருந்த அளவுக்கு நினைவை வைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஊரில் தறிகள் ஓடத் தொடங்கியதும் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஞாயிறு நான் அளந்தேன். திங்கள் என் ஆராய்ச்சி மாணவி ரம்ஷா அளந்தாள். இரண்டு பேரின் அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. இதுவரைக்கும் உறுதி.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறாள் என்று தோன்றும். அம்மாவின் வருஷத் திதிக்கு நான் வராமல் போன நாளிலிருந்து உங்கள் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அண்ணி மூலம் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. என் மாடியிலிருந்து பார்த்தால் கல்லூரி மதிலுக்கு அப்பால் நம் தென்னந்தோப்பும், அதற்குள் தறிக்குடோனின் ஓட்டுக்கூரையும் தெரிகின்றன. ஆனால் இந்தக் கடிதம் கோவை வரைக்கும் போய்த் திரும்பித்தான் உங்கள் கைக்கு வரும்.

விஷயம் இதுதான். வைரம் முழுக்கக் கரி அணுக்கள். அதில் எங்காவது ஓரிடத்தில் கரிக்குப் பதிலாக ஒரு நைட்ரஜன் அணு இருக்கும், பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கும். அங்கே உள்ள எலக்ட்ரானை ஒரே நேரத்தில் இரண்டு நிலைகளில் வைக்க முடியும். ஆனால் அது நிலைக்காது. பக்கத்து அணுக்களும், வெப்பமும், அருகே நாங்கள் வைத்திருக்கும் காந்தத்தின் மிகச் சிறிய நடுக்கமும் அதைத் தொட்டுக் கலைத்துவிடும். கலையாமல் தாங்கும் நேரத்தைத்தான் நினைவு என்கிறோம். ஒரு நொடியை லட்சம் கூறு போட்டால் அதில் ஓரிரு கூறு.

ஏப்ரலில் காந்தத்துக்குப் புதிதாக ஒரு பிடி செய்து மாட்டினேன். நினைவு மூன்று மடங்கானது. மே கடைசியோடு அளப்பதை நிறுத்திவிட்டு, அது பிடியின் சாமர்த்தியம் என்று எழுதினோம். ஜூலையில் கட்டுரை வந்தது. முதல் பெயர் ரம்ஷாவுடையது.

இந்த மாதம் பெங்களூரிலிருந்து இரண்டு பேர் நேரில் பார்க்க வந்தார்கள். அவர்கள் முன்னால் அந்த அளவு வரவில்லை. நான் கம்பிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது அவர்களில் ஒருவர், "இது என்ன சத்தம்?" என்று கேட்டார். "எந்தச் சத்தம்?" என்றேன். அவர் சன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

தறிச் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்பதால் அது எனக்குச் சத்தமாகவே படுவதில்லை. ஏப்ரலில் அது நின்றுபோனதும் அதனால்தான் காதில் விழவில்லை. வேலைநிறுத்தச் செய்தியைப் பேப்பரில் படித்தேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டு அளக்கப் போனேன். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தறியும் ஓடாது, ஆய்வகமும் பூட்டியிருக்கும். அதனால் எங்களுக்கு வேறுபாடு தெரிய வழியே இருக்கவில்லை. பழைய பிடியைத் திரும்ப மாட்டி ஒரு முறை அளந்திருந்தாலே தெரிந்திருக்கும். முதலாண்டு மாணவனுக்கு நான் சொல்லிக் கொடுப்பது அது. நான் செய்யவில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு. தறிகள் நின்ற தேதியும் மறுபடி ஓடிய தேதியும் சரியாக வேண்டும். அடுத்தது, மே 6, 7, 8 மூன்று நாளும் நினைவு கொஞ்சம் விழுந்து எழுந்திருக்கிறது. அப்போது ஊரில் என்ன நடந்தது?

நந்திதா

---

செங்காட்டுப்புதூர்
ஆகஸ்ட் 25

நந்திதாவுக்கு,

விசைத்தறியாளர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஜவுளிக்காரர்களிடம் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தியது ஏப்ரல் 7. ஒப்பந்தம் கையெழுத்தானது மே 31. நடுவில் நம் ஊரில் ஒரு தறியும் ஓடவில்லை. சங்கத்தின் தலைவர் கோவிந்தராஜுலுவிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

மே 6, 7, 8 மாரியம்மன் நோம்பி. கம்பத்தைச் சுற்றி உருமியும் தப்பட்டையும் விடாமல் அடித்தார்கள். பனைமரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். அந்த அலறலை உன் வைரம் கேட்டிருக்கும். நீ கேட்டிருக்க மாட்டாய்.

ஜூலை மாதப் பேப்பரில் உன் படம் வந்ததை உன் அண்ணி வெட்டி வைத்திருக்கிறாள். "ஏனுங்க, நந்து பேப்பர்ல வந்திருக்குதுங்க, பாருங்க" என்று கொண்டுவந்து காட்டினாள். பார்த்தேன். "சுற்றுப்புறம் இனி எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை" என்று நீ சொன்னதாகப் போட்டிருந்தது. சுற்றுப்புறம் என்றால் யார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. உன் கடிதம் வந்த பிறகு புரிந்தது. எட்டு வாரம் அடுப்பு சரியாக எரியாமல் நாங்கள் கிடந்தோம். அந்த அமைதியில் உனக்குப் பேர் வந்திருக்கிறது.

அம்மாவுக்குத் திதி கொடுத்தது ஏப்ரல் கடைசியில். அன்று நீ வந்திருந்தால் குடோன் வாசலில் தொங்கிய பூட்டைப் பார்த்திருப்பாய். வேறு யாரும் உனக்குச் சொல்லித் தர வேண்டியிருந்திருக்காது.

நஞ்சுண்டன்

---

கல்லூரிக் குடியிருப்பு
ஆகஸ்ட் 29

அண்ணாவுக்கு,

பேப்பரில் வந்தது நான் சொன்னதுதான். நிருபர் திரித்து எழுதவில்லை. திதியன்று நான் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். அளவு மிக நன்றாக வந்துகொண்டிருந்தது. எழுந்து வர மனம் வரவில்லை.

மே மாத விஷயத்துக்கு வருகிறேன். நோம்பிச் சத்தம் என்று நானும் முதலில் நினைத்தேன். எங்கள் மேசை தரையில் ஊன்றிய கற்பலகை மேல் இருக்கிறது. குழாய்ப் பாட்டு காற்றில் வரும், அதை அசைக்காது. மேசையை அசைப்பது மண் வழியாக வருவது. அப்படி வரும் நடுக்கம் ஒவ்வொன்றும் தன் வேகத்தை வைரத்தில் பதித்துவிட்டுப் போகும். அந்த மூன்று நாளும் பதிந்திருப்பது நிமிடத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு அடி. பகல் முழுக்க, மாறாமல்.

ஊரில் மற்ற குடோன்களில் தறி நூற்று முப்பதை ஒட்டி ஓடும். நூல் அறுவது குறையட்டும் என்று அப்பா மோட்டாரில் சின்ன புல்லி போட்டு வேகத்தைக் குறைத்தது நம் தோப்புக் குடோனில் மட்டும். "மெதுவா ஓடுனா ஓடீட்டுப் போகுது" என்பார். இப்போதும் வேலை நாட்களில் அளந்தால் நூற்று முப்பது பக்கம் நெருக்கமான கோடுகள் ஒரு புதராகவும், தனியாக நூற்றுப்பன்னிரண்டில் ஒரு கோடும் தெரிகின்றன.

வைரத்தின் நினைவு கலைந்துவிடும் என்று எழுதினேன் அல்லவா. கலைவது அழிவதில்லை. எலக்ட்ரான் எந்த நிலையில் இருந்தது என்பது பக்கத்து அணுக்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்துவிடும். அதேபோல வெளியே நடப்பதும் அதன்மேல் வந்து பதியும். ஒன்றைத் தொட்டுவிட்டுச் சுவடு இல்லாமல் விலகிப் போக இரண்டு பக்கத்தாலும் முடியாது. இதை வகுப்பில் வருஷத்துக்கு ஒரு முறை சொல்கிறேன்.

நான் உங்களை எதுவும் கேட்கவில்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி, காரணத்தைக் காட்டும் வரைபடத்தோடு இதழுக்கு அனுப்ப வேண்டும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நாங்கள் அளந்த ஒவ்வொரு நாளும் அந்தப் படத்தில் இருக்கும். அந்த நிருபருக்கும் சொல்லிவிட்டேன். "புகழ்ந்து போட்டேனுங்க, தப்புன்னாலும் அதே எடத்துல போடுவேனுங்க" என்றார். போட்டால் ஊர் படிக்கும். வேலைநிறுத்தத்துக்கு நடுவே மூன்று நாள் தறி ஓடியிருப்பதைப் பார்க்கும். யாருடையது என்று கேட்கும்.

நந்திதா

---

செங்காட்டுப்புதூர்
செப்டம்பர் 4

நந்திதா,

உன் கடிதத்தை உன் அண்ணியிடம் காட்டவில்லை. இருந்தாலும் அவளுக்குத் தெரியும். அவளும்தான் ஓட்டினாள்.

ஏப்ரல் 7 அன்று கோயில் வாசலில் எல்லோரையும் நிற்க வைத்துக் கற்பூரம் கொளுத்தி, ஒப்பந்தம் ஆகிற வரைக்கும் தறியைத் தொடமாட்டோம் என்று சத்தியம் வாங்கியது நான். கோவிந்தராஜுலு கூட, "சத்தியம் எல்லாம் எதுக்குங்க, கையெழுத்துப் போதுமே" என்றார். நான்தான் விடவில்லை.

ஏப்ரல் 22 அன்று வெங்கடபதி இரண்டு தறி ஓட்டினான். உனக்கு அவனைத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எட்டுத் தறி வைத்திருக்கிறான். நான் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் கும்பிட்டான். "ஒரு பாவு மட்டும் முடிச்சுக்கறனுங்க" என்றான். தறிகளின் பெல்ட்டை என் கையால் கழற்றிக்கொண்டு வந்து சங்க அலுவலகத்தில் உள்ளே நுழைந்ததும் தெரிகிற மாதிரி ஆணியில் மாட்டினேன். பொதுக்கூட்டத்தில் அவனை எழுந்து நிற்கச் சொல்லி மன்னிப்புக் கேட்க வைத்தேன். அந்த பெல்ட் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. தினமும் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் கையெழுத்துப் போடுகிறேன்.

மே முதல் வாரம் எனக்குப் பாவு நூல் கொடுத்து நெய்யச் சொல்கிற ஜவுளிக்காரர் ஆள் அனுப்பினார். தறியில் ஏறி நிற்கிற பாவு துணியாக வர வேண்டும், வராவிட்டால் பாவை அறுத்து எடுத்துக்கொண்டு போய்விடுவாராம், இனி என் குடோனுக்கு நூல் வராதாம். கூலிக்கு நெய்கிறவனுக்குப் பாவு இல்லை என்றால் தறி பழைய இரும்புதான். நோம்பி வந்தது. ஊரே கோயிலில் இருந்தது. குழாய்ச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்கவில்லை. இதுதான் நேரம் என்று நினைத்தேன். ஆள் யாரையும் கூப்பிடவில்லை. நானும் அவளும் மட்டும். எட்டுத் தறி. சாயங்காலம் குளித்துவிட்டு நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வெங்கடபதி ஒதுங்கி நின்றான். நான் அவனைப் பார்க்காத மாதிரி நின்றேன்.

மனிதர் காதுக்கு மறைத்தேன். மண்ணுக்கும் மறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மூன்று நாளை எடுத்துவிடு. இத்தனை நாள் இருக்கிற படத்தில் மூன்று நாள் இல்லாவிட்டால் யாருக்கு என்ன? இதற்கு முன் உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை.

நஞ்சுண்டன்

---

கல்லூரிக் குடியிருப்பு
செப்டம்பர் 10

அண்ணா,

எடுத்துவிட்டேன்.

கடினமாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்று வரிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையை அழுத்தினால் போதுமாக இருந்தது. மே 5க்குப் பிறகு மே 9 வந்து ஒட்டிக்கொண்டது. படம் முன்னைவிட அழகாகவே இருந்தது.

மறுநாள் காலை ரம்ஷா அதைப் பார்த்தாள். அவள் கோவை கரும்புக்கடைப் பெண். இரண்டு பஸ் மாறி வருகிறாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மேடம், நோம்பி நாளைக் காணோமுங்களே?" என்றாள்.

"அன்னிக்குக் கரண்ட் போச்சு, மெஷின் ஆஃப்ல இருந்துச்சு" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

"அப்படிங்களா? நான் வந்திருந்த மாதிரி ஞாபகமுங்க. கோயில் கூட்டத்துல பஸ் திரும்பி, ரொம்பத் தூரம் நடந்து வந்தேனே." அப்புறம் அவளே, "சரிங்க, வேற நாளா இருக்கும்" என்று விட்டுவிட்டாள். நான் சொன்னதால் தன் ஞாபகத்தைத் தப்பு என்று முடிவு செய்துகொண்டாள்.

அவளுக்கு நெதர்லாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. இந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். கட்டுரை போனால் இடமும் போகலாம். அதைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே, கிளம்பும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "மேடம், அவங்களுக்கு மெயில் போட்டுட்டேனுங்க. நம்ம ரிசல்ட் தப்பு, திரும்ப வாங்கறோம்னு. அவங்களா கண்டுபிடிச்சா நல்லாவா இருக்கும்?"

"என்னைக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"நீங்க போட வேண்டாம்னு சொல்வீங்களான்னு பயமா இருந்துச்சுங்க" என்று சிரித்தாள். பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

ஏப்ரலில் நான் செய்தது கவனக்குறைவு. கேட்டால் கன்னம் சுடும், ஆனாலும் சொல்லிவிடலாம். இந்த வாரம் செய்தது அது இல்லை. உங்களுக்காகச் செய்தேன் என்றும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. நாலைந்து மாதமாகப் பேசாத அண்ணன் ஒன்றைக் கேட்டார், கொடுத்தால் பேசுவார் என்ற ஆசையும் அதில் இருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் எழுதி முடித்தாகிவிட்டது. இன்னும் இதழுக்கு அனுப்பவில்லை. மூன்று நாள் இல்லாத படத்தோடு அனுப்பக் கை வரவில்லை. அந்த மூன்று நாளோடு அனுப்பவும் வரவில்லை. நீங்கள் என்ன சொன்னாலும் அதைச் செய்கிறேன் என்று எழுத வந்தேன். அதுவும் சரியில்லை என்று எழுதும்போதே தெரிகிறது. முடிவை உங்கள் தலையில் கட்டுவதாகிவிடும். செப்டம்பர் கடைசிக்குள் அனுப்பியாக வேண்டும். அதுவரைக்கும் நேரம் இருக்கிறது.

நந்திதா

---

செங்காட்டுப்புதூர்
செப்டம்பர் 18

கண்ணு,

உன் கடிதம் வந்து நாலு நாள் சட்டைப் பையிலேயே இருந்தது. அந்தப் பெண் பஸ்ஸுக்கு ஓடியதை மட்டும் பலமுறை படித்தேன்.

செவ்வாய்க்கிழமை வெங்கடபதி வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் வெளியே வந்துவிட்டான்.

"வாங்க வாங்க. சங்கத்துல இருந்து ஏதாச்சுமுங்களா?"

"இல்லீங்க. நான் மட்டுந்தான் வந்தேன்."

இத்தனை வருஷமாக அவனை நான் "வா, போ" என்றுதான் பேசுவேன். அன்று வாயில் தானாக 'ங்க' வந்தது. அவனும் கவனித்தான். உள்ளே உட்கார வைத்தான். நடந்ததைச் சொன்னேன். ஜவுளிக்காரர், நோம்பி, எட்டுத் தறி எல்லாம். உன் வைரத்தையும் சொன்னேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான்.

"அம்மணி ஊட்டு வைரத்துக்குக் காது நல்லாக் கேக்குதுங்க. பேசாம அதைச் சங்கத்துல மெம்பராச் சேத்துப்போடலாம்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார்.

அப்புறம் சொன்னான். "எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க."

எப்படி என்றேன்.

"பந்தலுக்குத் தென்னங்கீத்து வேணும்னு உங்க தோப்புக்குத்தானுங்க வந்தேன். குழாய்ச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கீத்தை இழுக்கையில குடோன் செவுத்துல கை ஊணுனேன். செவுரு துடிச்சுதுங்க. கையை எடுத்துட்டு வந்துட்டேன்."

"ஏன் சொல்லலைங்க? பெல்ட்டைக் கழட்டுனவன் நான். கூட்டத்துல என்னை நிக்க வச்சிருக்கலாமே."

"நான் ஒருத்தன் ஓட்டுனேன்னா அது வெங்கடபதி தப்பு. செயலாளரும் ஓட்டுனாருன்னு தெரிஞ்சா மறுநா எல்லாக் குடோனும் ஓடியிருக்குமுங்க. கூலி ஒசந்திருக்காது. எதுக்குங்க?"

நாலு மாதமாக அவன் என்னைப் பார்த்து வணக்கம் வைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வணக்கத்தையும் நான் பயம் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் சொன்னேன். அவள், "இனி அவர் மூஞ்சில எப்படிங்க முழிக்கறது" என்று ஒன்றுதான் கேட்டாள்.

அவன் வீட்டிலிருந்து கிளம்பும்போது, "அந்த பெல்ட்டைக் கொண்டுவந்து தந்துடறேனுங்க" என்றேன். "வேண்டாமுங்க, அது அங்கயே இருக்கட்டும். நான் புதுசு வாங்கிப் போட்டுட்டேன்" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கோவிந்தராஜுலுவிடம் 28ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார். என்ன பேசுவேன் என்று இன்னும் தெரியவில்லை. பேசுவேன் என்பது தெரியும்.

மூன்று நாளையும் திரும்பப் போட்டுவிடு. எடுக்கச் சொன்னது நான். அந்தப் பெண்ணிடம் நீ சொன்ன பொய்யில் பாதி என்னுடையது. ஆனால் போய்ச் சொல்ல வேண்டியது நீதான். வெங்கடபதியின் வாசலில் எனக்குப் பதிலாக உன்னை நிறுத்த முடியாது, இதுவும் அப்படித்தான்.

நஞ்சுண்டன்

---

கல்லூரிக் குடியிருப்பு
செப்டம்பர் 30

அண்ணாவுக்கு,

நேற்று, திங்கட்கிழமை, காலையிலிருந்து நூற்றுப்பன்னிரண்டு இல்லை. நூற்று முப்பது பக்கத்தில் இருக்கும் புதர் அப்படியே இருக்கிறது. மின்சாரம் போகவில்லை, எங்கள் கருவி சரியாக இருக்கிறது. ரம்ஷா தனியாக அளந்தாள், அவளுக்கும் இல்லை. நினைவு சிறிது கூடியிருக்கிறது. ஊரில் எல்லோரும் ஓட்டுகிறார்கள், நம் தோப்புக் குடோன் மட்டும் நின்றிருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

ஒரு சாட்சியை மட்டும் நம்பக் கூடாது என்று இந்த வருஷம் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் சங்க அலுவலகம் வரைக்கும் நடந்து போனேன். கோவிந்தராஜுலு மாமா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். கம்பி வழியாக ஆணி தெரிந்தது. ஒரு பழைய பெல்ட், அதன்மேல் பெரிய கட்டாக வேறு பெல்ட்டுகள்.

"நாங்க நிறுத்தச் சொல்லலைங்க அம்மணி" என்றார் அவர். "சொல்லறதுக்கு நாக்கே வரல. நேத்துக் கூட்டத்துல உங்கண்ணன் பேசி முடிச்சு உக்காந்தாரு. இன்னிக்குக் காலைல பாத்தா அவரே கழட்டீட்டு வந்து மாட்டிக்கிட்டு நிக்கறாரு. என்னங்க இதுன்னு கேட்டேன். 'சங்கம் முடிவு சொல்ற வரைக்கும்'ன்னாரு. ஆயுத பூஜை நேரத்துல தறியை இப்படி நிறுத்தலாமுங்களா, நீங்களாச்சும் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ரம்ஷாவிடம் போன வாரம் சொன்னேன். கரண்ட் போகவில்லை, நான் எடுத்தேன், இன்ன காரணத்துக்காக என்று. "உங்க அண்ணனுக்காகன்னா புரியுதுங்க மேடம்" என்றாள். பிறகு, "ஆனா என் ஞாபகமே தப்புன்னு நான் நெனச்சுட்டேனே. அதுதான் கஷ்டமா இருக்குது" என்றாள். மறுநாளிலிருந்து நான் கொடுக்கும் ஒவ்வொரு அளவையும் தானே ஒரு முறை எடுத்துப் பார்க்கிறாள். சரிதான் அது. பார்க்கும்போது மட்டும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

நேற்று மதியம் கடிதத்தை இதழுக்கு அனுப்பிவிட்டோம். எல்லா நாட்களும் அதில் இருக்கின்றன. மே 6, 7, 8க்கு நேரே "அருகில் உள்ள ஒரு குடோனில் தறிகள் ஓடின" என்று மட்டும் குறித்திருக்கிறோம். அதற்கு முந்தைய நாளே நீங்கள் ஊரிடம் சொல்லிவிட்டீர்கள். அந்த வரியை நான் தட்டெழுத முடிந்தது அதனால்தான்.

இனி வர வேண்டியவை. இதழின் முடிவு அக்டோபர் நடுவில் வரும் என்று பதில் வந்திருக்கிறது. நெதர்லாந்து ஆய்வுக்கூடம் ரம்ஷாவிடம் ஒரு மாதம் கேட்டிருக்கிறது. நிருபர் தன் செய்தியை அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை, போடுகிறார், ஜூலையில் போட்ட அதே பக்கத்தில். உங்களைப் பற்றிச் சங்கம் முடிவு சொல்வதும் அன்றைக்குத்தான் என்று மாமா சொன்னார். நீங்கள் செயலாளராக இருப்பீர்களா என்பதும், வெங்கடபதி அண்ணன் அன்று பேசுவாரா என்பதும் யாருக்கும் தெரியவில்லை. அவர் வருவார் என்பது மட்டும் தெரியும். கேட்டேன். "வராம எங்கீங்க போறது" என்றார்.

நாளை ஆயுத பூஜை. ஊரில் எல்லாத் தறியும் நிற்கும். வைரம் இந்த வருஷத்திலேயே நீண்ட நேரம் கலையாமல் இருக்கும். அளப்பதாக இல்லை. அண்ணி கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை மற்றவர்களின் தறி ஓடத் தொடங்கும். சங்கம் பெல்ட்டைத் திருப்பித் தந்தால் உங்களுடையது 6ஆம் தேதி, திங்கட்கிழமை, காலையில் ஓடலாம். எங்கள் அளவுக்கு அது இடைஞ்சல்தான், அதில் மாற்றமில்லை. அன்று ஏழு மணிக்கே ஆய்வகத்தில் இருப்பேன். நூற்றுப்பன்னிரண்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நந்திதா